இரட்டைக் கார்ப்பரேட்டர்

மார்ச் 9

வீட்டுக்காரிக்கு,

இங்கே நான் சுகம். உன் சுகமும், உன் புது முட்டியின் சுகமும், மகள், மாப்பிள்ளை சுகமும் தெரிய வேண்டும். இதை எழுதுவது பக்கத்துக் கடைத் தையல்காரன். நான் சொல்வதை அப்படியே எழுத வேண்டும், தன் சரக்கைச் சேர்க்கக் கூடாது என்று சொல்லித்தான் உட்கார வைத்திருக்கிறேன். (அப்படியே எழுதுகிறேன் அக்கா. - தையல்காரன்)

மகள் வாங்கிக் கொடுத்த போன் உருப்படாத போன். நீ பேசினால் தகர டப்பாவில் கூழாங்கல்லைப் போட்டு உருட்டுகிற மாதிரி இருக்கிறது. போன ஞாயிற்றுக்கிழமை நீ பேசியதில் 'சாப்பிட்டீங்களா' மட்டும்தான் விளங்கியது. அதுவும் நீ எப்போதும் முதலில் கேட்பது அதைத்தான் என்பதால். ஆகையால் இனி கடிதம்.

முட்டி ஆபரேஷனுக்காக மகள் ஊருக்குப் போகும்போது நம் வாசலில் நின்று நீ சொன்னதை நான் மறக்கவில்லை. மகள் டாக்ஸிக்குள் உட்கார்ந்து 'அம்மா, ஏறும்மா' என்கிறாள். நீ கதவைப் பிடித்துக்கொண்டு, 'உங்க சின்னவ என்னைக்கு எந்திரிச்சு ஓடுறாளோ, அன்னைக்கு அவளை ஓட்டிக்கிட்டு வந்து என்னைக் கூப்பிடுங்க. பஸ்ஸு, ரயிலுன்னு வந்து நின்னா நான் வரமாட்டேன்' என்றாய். டாக்ஸிக்காரன்கூடச் சிரித்தான். நான் சிரிக்கவில்லை. ஜூன் வரைக்கும் நீ பயணம் செய்யக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். ஜூன் முடிவதற்குள் அந்த வண்டியிலேயே வருகிறேன்.

ஆனால் அந்தச் சின்னவள் என்னைப் படுத்துகிற பாடு கொஞ்சமில்லை. இந்த ஸ்போர்ட்ஸ் காரைச் செய்த இங்கிலாந்துக்காரன் எதிரே வந்தால் ஒரே ஒரு கேள்வி கேட்பேன். ஒரே வண்டியில் எதற்கய்யா மூன்று தினுசு நட்டு? கையில் இருக்கிற ஸ்பானர் ஒன்றுக்கு லூஸாக இருக்கிறது, அடுத்ததற்கு நுழையவே மாட்டேன் என்கிறது. நேற்று முழுக்கப் பாடுபட்டுப் பிரேக்குக்கு எண்ணெய் ஊற்றினேன். கடைக்காரன் கொடுத்தது வேறு எண்ணெய். உள்ளே இருந்த ரப்பர் எல்லாம் தண்ணீரில் ஊறிய பயறு மாதிரி உப்பிவிட்டது. கழற்றி, கழுவி, புது ரப்பர் தேடி, மறுபடி முதலிலிருந்து.

பிரேக்கு வேலையைப் பற்றி நீ புத்தகத்தைப் படித்துச் சொன்னது எனக்கு ஒரு வார்த்தை விடாமல் ஞாபகம் இருக்கிறது. அன்றைக்கு உனக்கு ஜலதோஷம். 'கடைசிச் சக்கரத்தில் ஆரம்பித்துக் காற்றை வெளியேற்றவும்' என்றதும் ஒரு தும்மல். நான் இன்றைக்கும் அந்தத் தும்மல் வருகிற இடத்தில் நின்றுதான் அடுத்த வேலைக்குப் போகிறேன்.

இப்படிக்கு,
உன் டிரைவர்


மார்ச் 20

டிரைவர் ஐயாவுக்கு,

கடிதம் கிடைத்தது. தம்பியின் கையெழுத்து தையலைப் போலவே இருக்கிறது, ஒரு வரிகூடக் கோணவில்லை. அவருக்கு என் நன்றியைச் சொல்லுங்கள்.

நான் கோல் பிடித்துக்கொண்டு கூடத்துக்கும் வாசலுக்கும் நடக்கிறேன். பயிற்சி சொல்லித் தருகிற பெண் தினமும் வந்து முட்டியை மடக்கிப் பார்க்கிறாள். நான் கத்துகிறேன். 'பாட்டி, நேத்தைவிட இன்னிக்குச் சத்தம் கம்மி' என்று பாராட்டிவிட்டுப் போகிறாள். முட்டி ஒன்றும் அவள் சொல்கிறபடி கேட்கிற மாதிரித் தெரியவில்லை.

மகள் கீழ் அறையைக் காலி செய்துகொண்டிருக்கிறாள். அதில் இருந்த பழைய சாமான்களை எல்லாம் மாடிக்கு ஏற்றியாயிற்று. 'ஜூன் வரைக்கும் அப்பாவுக்கு டைம். அதுக்கப்புறம் நீ இங்கேயேதான். அங்கே போய் ஸ்பானருக்கு நடுவுல தடுக்கி விழுறதுக்கா ஆபரேஷன் பண்ணிக்கிட்டே' என்கிறாள். நான் சரி என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. நான் கிளம்பும்போது என் கட்டிலில் கியர்பாக்ஸ் படுத்திருந்தது. எழுந்துவிட்டதா, இல்லை போர்வை ஏதாவது வேண்டுமாமா?

மருந்தை வேளைக்குப் போடுங்கள். பெட்ரோல் கையோடு சாப்பிடாதீர்கள்.

இப்படிக்கு,
உங்கள் பெரியவள்


ஏப்ரல் 6

வீட்டுக்காரிக்கு,

கியர்பாக்ஸ் எழுந்துவிட்டது. வண்டிக்குள் போய்விட்டது. கட்டிலில் இப்போது சீட்டு மட்டும்தான் கிடக்கிறது. தையல்காரன் அதற்குப் புது உறை தைக்கிறான்.

எஞ்சினும் உயிர் பிடித்துவிட்டது. சந்தோஷப்படாதே. இனிமேல்தான் சங்கதி. இந்த இரட்டைக் கார்ப்பரேட்டர் இருக்கிறதே, வீட்டில் இரட்டைப் பிள்ளை பெற்றவளுக்குத்தான் என் கஷ்டம் புரியும். ஒன்றைத் தூங்க வைத்தால் மற்றது எழுந்துகொள்கிறது. இரண்டும் ஒரே அளவு காற்றை இழுக்க வேண்டும். ரப்பர் குழாயின் ஒரு முனையைக் கார்ப்பரேட்டர் வாயிலும் மறு முனையைக் காதிலும் வைத்து, இரண்டிலும் 'உஸ்' சத்தம் ஒரே மாதிரி வரும்வரை திருகாணியைத் திருப்ப வேண்டும். உனக்குத் தெரியாததா? நீதானே குழாயைக் காதில் வைத்துக்கொண்டு நிற்பாய். 'பின்னாடி உள்ளது பெருசா இழுக்குது, கொஞ்சம் குறைங்க. இன்னும் கொஞ்சம். போதும், இப்ப சமம்' என்பாய். கை கழுவிவிட்டு நாம் கிளம்பிவிடுவோம்.

இப்போது நானே காது, நானே கை. இடுப்பு வேறு வளைய மாட்டேன் என்கிறது. வண்டியின் மூக்குப் பக்கம் நின்று முன்னதைக் கேட்கிறேன். பிறகு சுற்றி வந்து முன் கண்ணாடிப் பக்கம் நின்று பின்னதைக் கேட்கிறேன். எத்தனை தடவை கேட்டாலும் பின்னதுதான் குறைவாக இழுக்கிறது. சரியென்று அதைத் திறந்துவிட்டால் வண்டி குளிர் ஜுரம் கண்டவன் மாதிரி உதறுகிறது. ஒரு வாரமாக இதே வேலை. அதன் ஊசியை மாற்றினேன், ஸ்பிரிங்கை மாற்றினேன். கோபத்தில் குழாயைத் தூக்கித் தெருவில் எறிந்தேன். பிறகு நானே போய் எடுத்து வந்தேன்.

இதற்கு நடுவில் பேட்டரிக்கடைப் பையன் ஒரு காரியம் செய்தான். இந்த வண்டிக்கு உடம்பு முழுக்கப் பாசிட்டிவ், மற்ற வண்டிகளுக்கு நேர்த் தலைகீழ் என்று ஊருக்கே தெரியும். அவன் ஒரு வார்த்தை கேட்காமல் வழக்கம்போல நெகட்டிவ் வயரை உடம்பில் மாட்டிவிட்டான். ஸ்டார்ட் செய்ததும் புகை. பேட்டரிக்குச் சார்ஜ் போடுகிற சின்னப் பெட்டி கருகிவிட்டது. 'ஏன்டா, கேட்டுட்டு மாட்டக் கூடாதா' என்றால் என் முகத்தையே பார்க்கிறான்.

(கேட்டான் அக்கா. 'அண்ணே, பாடிக்கு நெகட்டிவ் தானே' என்று மூன்று தடவை கேட்டான். இவர் தலையை ஆட்டினார். நான் பக்கத்தில்தான் நின்றேன். இதை எழுதுவது இவருக்குத் தெரியாது. - தையல்காரன்)

இப்படிக்கு,
உன் டிரைவர்


ஏப்ரல் 15

டிரைவர் ஐயாவுக்கு,

போன் உருப்படாத போன் என்கிறீர்கள். அதே போனில் பேசுகிற தம்பியின் குரல் எனக்கும், என் குரல் அவருக்கும் நன்றாகவே கேட்கிறது. பேட்டரிக்கடைப் பையன் கேட்கவே இல்லை என்கிறீர்கள். பின்னால் இருக்கிற கார்ப்பரேட்டர் எப்போதும் குறைவாகவே இழுக்கிறது என்கிறீர்கள். மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். எனக்கு ஒன்று மட்டும் சொல்லுங்கள். கண்ணாடிப் பக்கம் நிற்கும்போது குழாயை எந்தக் காதில் வைக்கிறீர்கள்?

கோபப்படாதீர்கள். முப்பது வருஷம் பஸ்ஸில் எஞ்சினுக்குப் பக்கத்திலேயே இடது காதை வைத்துக்கொண்டு உட்கார்ந்தவர் நீங்கள். ஒரு காது டாக்டரிடம் போய்க் காட்டினால் குறைந்தா போய்விடுவீர்கள்?

மாப்பிள்ளை ஒரு யோசனை சொன்னார். அந்த இரண்டையும் கழற்றிப் போட்டுவிட்டுப் புது மாதிரி ஒற்றைக் கார்ப்பரேட்டராக மாட்டிவிட்டால் தொல்லை விடுமாம். சீட்டையும் உயரமான சீட்டாகப் போட்டுக்கொள்ளலாமாம். இப்போது நிறையப் பேர் அப்படி மாற்றி ஓட்டுகிறார்களாம். 'மாமாகிட்ட இதை எப்படிச் சொல்றது' என்று என்னிடம் சொல்லச் சொன்னார். சொல்லிவிட்டேன். அவரிடம், 'அந்த வண்டியில ஒரு ஆணியை மாத்துறதுக்குக்கூட உங்க மாமா மனசு ஒப்பாது, அதை அப்படியே விட்டுடுங்க' என்று நானே உங்களுக்காக வாதாடினேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

கீழ் அறைக்கு வெள்ளை அடித்தாயிற்று. சன்னல் பெரிது.

இப்படிக்கு,
உங்கள் பெரியவள்


ஏப்ரல் 24

வீட்டுக்காரிக்கு,

என் காதுக்கு ஒன்றும் இல்லை. தையல்காரனைக் கூப்பிட்டு, இடது பக்கம் நின்று கத்தரிக்கோலை வெட்டிக் காட்டச் சொன்னேன். கண்ணை மூடிக்கொண்டேன். ஒவ்வொரு வெட்டும் தெளிவாகக் கேட்டது.

(நான் கத்தரிக்கோலை எடுக்கவே இல்லை அக்கா. - தையல்காரன்)

மாப்பிள்ளையிடம் சொல். அந்த வண்டி எப்படிப் பிறந்ததோ அப்படியேதான் இருக்கும். நம் கல்யாணத்துக்கு முன்னால், அதன் சொந்தக்காரரான பல் டாக்டர் ஊரைவிட்டுப் போகும்போது சாவியை என் கையில் வைத்து, 'ஓடாத வண்டியை எவன் வாங்குவான், நீயே வச்சுக்கோ' என்று சொன்ன அன்றைக்கு அதில் எத்தனை ஓட்டை இருந்ததோ, இன்றைக்கும் அத்தனைதான். ஒரு கண்ணாடி மாட்டக்கூட நான் புதிதாகத் தகரத்தைத் துளைத்தது கிடையாது. ஒற்றைக் கார்ப்பரேட்டராம். இரண்டு மூக்குத் துவாரத்தில் ஒன்றை அடைத்துவிட்டால் ஜலதோஷம் பாதியாகக் குறையும் என்று சொல்வாரா அவர்?

நிற்க. நீ சொன்னாயே என்பதற்காகப் பின்னதையும் வலது காதிலேயே வைத்துக் கேட்டுப் பார்த்தேன். அப்படித் திரும்பிக் குனிந்ததில் கழுத்து பிடித்துக்கொண்டது, இரண்டு நாள் எண்ணெய் தேய்த்தேன். வண்டி மட்டும் நின்ற இடத்தில் உதறாமல் ஓடியது. வெயில் ஏறிவிட்டது, அதனால் இருக்கும்.

தெருமுனை வரை ஓட்டிப் போய் வந்தேன். திரும்பும் வழியில் ஆக்சிலரேட்டர் கம்பி அறுந்தது, தள்ளிக்கொண்டு வந்தேன். அது சின்ன வேலை. இனி என்ன? ஜூன் கடைசி வாரம் வருகிறேன். நம் கல்யாணத்துக்கு மறுநாள் உன்னை அழைத்துக்கொண்டு வந்த மாதிரியே. அன்றைக்கு நடுவழியில் மழை, கூரைத் துணி இழுத்தால் வரவில்லை. நீ குடையை விரித்தாய். அடுத்த நிமிஷம் குடை தலைகீழாகப் புரண்டு கையைவிட்டுப் பறந்துவிட்டது. பச்சைக் கரை போட்ட குடை, உன் சித்தி வாங்கிக் கொடுத்தது. 'இது என்ன வண்டி, கூரையும் இல்லாம' என்று கேட்டாய். நீயே சிரித்துவிட்டாய். இந்த முறை கூரை ஒழுங்காக மூடும், தையல்காரன் பொறுப்பு.

இப்படிக்கு,
உன் டிரைவர்


மே 3

அன்புள்ள உங்களுக்கு,

இதை எழுதாமல் தள்ளிக்கொண்டே வந்தேன். இனியும் தள்ளினால் நீங்கள் வண்டியோடு வாசலில் வந்து நின்றுவிடுவீர்கள்.

என் முட்டி இதற்குமேல் மடங்காதாம். டாக்டர் சொல்லிவிட்டார். பாதி திறந்த கதவு இருக்கிறதே, அந்த அளவுதான். நடக்கலாம், உயரமான நாற்காலியில் உட்காரலாம். தாழ உட்கார முடியாது. உங்கள் வண்டிச் சீட்டு தரையிலிருந்து ஒரு சாண். போன வாரம் மகள் வீட்டில் இல்லாதபோது பயிற்சிப் பெண்ணைத் துணைக்கு வைத்துக்கொண்டு, ஒரு தாழ்வான மணையில் உட்கார்ந்து பார்த்தேன். உட்காரவில்லை, விழுந்தேன். தூக்கிவிட எதிர்வீட்டு அம்மாவும் வர வேண்டியிருந்தது. 'எதுக்குப் பாட்டி இந்த விபரீத ஆசை' என்று அந்தப் பெண் திட்டினாள். என்ன சொல்ல? கல்யாணத்துக்கு மறுநாள் நான் அந்தக் கதவைத் திறக்காமலேயே தாண்டி உள்ளே குதித்தவள் என்றா?

வாசலில் நின்று வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டுப் போனது நான்தான். நீங்கள் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு வெயிலில் வேகிறீர்கள். எரிச்சல் யார்மீது என்று எனக்கே தெரியவில்லை. வண்டியைக் கொண்டு வராதீர்கள். கொண்டு வந்தால் உங்கள் சின்னவள் மட்டும்தான் உங்களோடு திரும்பிப் போவாள். ரயிலில் வாருங்கள். வந்து நாலு நாள் இருங்கள். மற்றதை அப்புறம் பேசலாம்.

இப்படிக்கு,
உங்கள் பெரியவள்


ஜூன் 1

அன்புள்ள உங்களுக்கு,

பதில் இல்லை. போன் அடித்தால் எடுப்பதும் இல்லை. தம்பியிடம் கேட்டால், 'நல்லாத்தான் இருக்கார் அக்கா, எழுத வான்னு இன்னும் கூப்பிடல' என்கிறார்.

கீழ் அறைக்குக் கட்டில் வந்துவிட்டது. உயரமான கட்டில். திரைச்சீலை என்ன நிறம் வேண்டும் என்று மகள் கேட்டாள். உங்களைக் கேட்டுச் சொல்கிறேன் என்றேன். 'அப்பாவுக்கும் திரைச்சீலைக்கும் என்னம்மா சம்பந்தம்' என்று கேட்டாள்.

கோபம் என்றால் கோபம் என்றாவது இரண்டு வரி எழுதச் சொல்லுங்கள்.

உங்கள் பெரியவள்


ஜூன் 12

பெரியவளுக்கு,

கோபம்தான். உன் கடிதத்தைத் தையல்காரன் படித்தான். பாதியில் நிறுத்தச் சொன்னேன். பிறகு மறுபடி முதலிலிருந்து படிக்கச் சொன்னேன். உன்மேல் கோபம், டாக்டர்மேல் கோபம், மனுஷன் உட்காருகிற சீட்டைத் தரையோடு தரையாக வைத்தானே அவன்மேல் கோபம். வண்டிக் கொட்டகையைப் பூட்டிச் சாவியை அரிசி டின்னுக்குள் போட்டுவிட்டேன். ஒரு வேலையும் ஓடவில்லை. சவரம்கூடச் செய்துகொள்ளவில்லை.

கடைசியில் தையல்காரன் பிடுங்கல் தாங்காமல் முனையில் இருக்கிற முடிதிருத்துகிறவர் கடைக்குப் போனேன். உட்கார்ந்தேன். அவர் காலால் எதையோ மிதித்தார், நாற்காலி மேலே போனது. கையால் ஒரு தள்ளு தள்ளினார், வெளிச்சத்துப் பக்கம் திரும்பியது. எனக்குப் பாதிச் சவரத்தில் எழுந்து நிற்க வேண்டும்போல இருந்தது. கடைக்குப் பின்னால் அவருடைய பழைய நாற்காலி குப்பையில் கிடந்தது. அதன் அடிப்பாகத்தைக் கேட்டேன். 'எதுக்கு அண்ணே? வண்டியில வச்சு யாருக்கு முடி வெட்டப் போறீங்க' என்றார். என் பெண்டாட்டிக்கு என்றேன். குப்பையிலிருந்து அவரே இழுத்து எடுத்துக் கொடுத்தார்.

மிதித்து ஏற்றுகிறது உள்ளே கொள்ளாது. சுழலும் தட்டை மட்டும் எடுத்து, கீழே இரும்புச் சட்டம் ஒன்று அடித்து, உன் சீட்டை அதன்மேல் ஏற்றியிருக்கிறேன். சாப்பாட்டு மேசை நாற்காலியின் உயரம். கதவைத் திறந்ததும் சீட்டு வெளிப்பக்கம் திரும்பும். நின்றபடியே பின்பக்கமாக உட்காரலாம். பிறகு முன்னால் திருப்பிக் கொக்கி மாட்டிவிட்டால் வளைவில் ஆடாது. காலைப் பற்றிக் கவலையில்லை. அந்த வண்டியில் எப்போதுமே நீட்டிக்கொண்டுதான் உட்கார வேண்டும், நீயும் அறிவாய்.

அதற்கு வண்டித் தரையில் நாலு ஓட்டை போட வேண்டியிருந்தது. முதல் ஓட்டைக்குக் கை வரவில்லை. டிரில்லைத் தையல்காரனிடம் நீட்டினேன். 'எனக்குத் துணிதான் பழக்கம், நீங்களே போடுங்க' என்று சொல்லிவிட்டான். போட்டேன். தகரம் சுருள் சுருளாக வந்தது. மீதி மூன்றும் தானாக விழுந்தன.

தையல்காரனுடைய காலில் அவனுடைய மர அளவுகோலையே வைத்துக் கட்டி, ஏறி இறங்கச் சொல்லிச் சோதித்துவிட்டேன். (இரண்டு தடவை விழுந்தேன். அதற்கப்புறம் அரை அங்குலம் ஏற்றினார். மூன்றாவது தடவை ராஜா மாதிரி உட்கார்ந்தேன். பயப்படாமல் உட்காருங்கள் அக்கா. - தையல்காரன்)

ஒரே குறை. உன் தலை முன் கண்ணாடிக்கு மேலே நிற்கும். காற்று முகத்தில் அடிக்கும். கூரையை மூட முடியாது, மூடினால் உன் தலை இடிக்கும். தையல்காரன் கட்டிக்கொள்ள நாடா வைத்து ஒரு தொப்பி தைத்திருக்கிறான். நீ மேலே, நான் கீழே. கோயில் யானையும் பாகனும் இடம் மாறி உட்கார்ந்த மாதிரி இருக்கும். பார்க்கிறவன் சிரிப்பான். சிரிக்கட்டும்.

காது டாக்டரிடமும் போனேன். இடது காது போய்விட்டதாம், எப்போதோ. நீ உட்காருவது என் இடது பக்கம். ஆகவே வழியில் நீ பேசுவது எதுவும் எனக்குக் கேட்காது, முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். கார்ப்பரேட்டரும் ஓட்டிப் பார்த்ததில் மறுபடி அளவு மாறிவிட்டது. கழுத்தைத் திருப்பித் திருப்பி என்னால் ஆகாது. ரப்பர் குழாயை வண்டியில் போட்டிருக்கிறேன். மகள் வீட்டு வாசலில் வண்டி ஓடிக்கொண்டிருக்கும். நீ நாற்காலி போட்டு உட்கார்ந்து காதில் வைத்துச் சொல், நான் திருகுகிறேன். சமம் ஆன பிறகு வண்டி எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்பதையும் நீயே சொல்லிவிடு. கீழ் அறையில் இன்னொருவன் படுக்க இடம் இருந்தாலும் சரி. கட்டிலில் கிடந்த சீட்டு போய்விட்டது. கட்டில் இங்கேயும் காலியாகத்தான் இருக்கிறது.

வருகிற இருபத்தைந்தாம் தேதி கிளம்புகிறேன். மெதுவாகத்தான் வருவேன்.

உன் டிரைவர்


ஜூன் 18

டிரைவர் ஐயாவுக்கு,

நாலு ஓட்டையா? ஒரு வார்த்தை என்னைக் கேட்டீர்களா? அந்தத் தகரத்துக்காக மாப்பிள்ளையிடம் அன்று தொண்டை வற்ற வாதாடினேன். இப்போது அவர், 'மாமா பார்பர் ஷாப் சேரை வச்சுட்டாராமே' என்று கேட்டுக் கேட்டுச் சிரிக்கிறார். என் முகத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது? ஓட்டை விளிம்புக்குப் பெயின்டாவது அடித்தீர்களா? இல்லாவிட்டால் துரு பிடித்துவிடும். கிளம்புவதற்கு முன்னால் அடியுங்கள்.

திரைச்சீலை நீல நிறம் என்று மகளிடம் சொல்லிவிட்டேன். மழைக் காலத்தில் இரண்டு பேரும் அந்த அறைக்கு வந்து இருப்போம் என்றும் சொன்னேன். கொஞ்சம் அழுதாள். பிறகு சின்னப் பெட்டி எது என்று தேடிக் கொடுத்தாள். உங்கள் வண்டிக்குப் பின்னால் எவ்வளவு இடம் இருக்கும் என்று எனக்குத் தெரியாதா? இரண்டு சேலை, மருந்து, கோல். மற்றதை மாப்பிள்ளை ரயிலில் போடுவார்.

வாசலில் உயரமான நாற்காலி போட்டு வைக்கிறேன். குழாயை மறக்காதீர்கள். தம்பி தைத்த தொப்பியையும்.

நான் பேசுவது கேட்காது என்று பயமுறுத்த வேண்டாம். உங்களுக்கு மேலேதானே உட்காரப் போகிறேன். கேட்காவிட்டால் தலையில் தட்டுவேன்.

உங்கள் பெரியவள்